மேற்கு வீதியில் சரிவந்த சம்பந்தம்

இணுவில்,
திருவிழாவுக்கு மறுநாள்.

பேரன்புக்குரிய சிவக்கொழுந்து அக்காவுக்கு,

தம்பி சோமசேகரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் தவமலரும் மகள் தக்சாயினியும் சுகம். கனடாவில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டேன். நேற்று அவருக்கு முன்னால் நிற்க நிறைய நேரம் கிடைத்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில் எழுதினால் பெருவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால், நாளைக்கு அங்கே பறக்கும் ஏரம்புவின் மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

நீங்கள் பேசிவைத்த தொண்டைமானாற்றுச் சம்பந்தம் என்னவாயிற்று என்று கேட்டு நேற்றுத் திரும்பத் திரும்பப் போன் எடுத்தீர்களாம். எனக்குக் கேட்கவில்லை. எப்படிக் கேட்கும்? அக்கா, நேற்றுப் பகல் திருவிழாவுக்கு நாலு தவில், இரண்டு நாதஸ்வரம்! ஆனால் நீங்கள் கோபிப்பீர்கள், மாப்பிள்ளை விஷயத்தை முதலில் சொல்கிறேன். வீட்டுக்கு அழைத்துப் பெண் காட்டிச் சரிவராவிட்டால் ஊர் கதைக்கும் என்று, வழக்கம்போலக் கோயிலில் தற்செயலாகக் காண்பதாகத்தானே ஒழுங்கு? சுவாமி வீதி சுற்றிக் கிழக்கு வாசலுக்கு வந்ததும் தக்சாயினி தாயோடு, தேர் நிறுத்துகிற தேர்முட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள், மாப்பிள்ளை கோபிசங்கர் தாய் தகப்பனோடு அந்தப் பக்கமாக வருவார். தகப்பனை நான் படத்தில்கூடக் கண்டதில்லை. சுவாமி வரும்வரை சும்மா ஏன் நிற்பது என்று மேளத்துக்குப் பின்னால் போனேன், பிழை அங்கேதான் தொடங்கியது.

மேற்கு வீதியில் சுவாமியை நிறுத்தி மேளக் கச்சேரியாகச் சமா வைத்தார்கள். யதுசன் என்று ஒரு பொடியன், மீசைகூட ஒழுங்காக முளைக்கவில்லை, அவன் தவிலில் கை வைத்ததும் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. சுடுமணலில் முன்வரிசையில் சப்பாணி கட்டி உட்கார்ந்துவிட்டேன். கச்சான் கடலை விற்கிறவன் கச்சானை விட்டுவிட்டு வந்து நிற்கிறான், அக்கா! அப்போதுதான் பக்கத்திலிருந்த மனிதர் என் தொடையில் தாளம் போடுவதைக் கண்டேன்.

"ஐயா, உது என்ரை தொடை."

"தெரியும். என்ரை தொடை சிவந்து போச்சு. பேசாமல் இருங்கோ, கணக்குத் தவறப் போகுது."

"கணக்கு எப்பவோ தவறீட்டுது. நீங்கள் அரை அட்சரம் பிந்தி அடிக்கிறியள்."

"இணுவிலிலை பிறந்தால் தாளம் தானாய் வரும் எண்ட நினைப்போ? நாங்கள் தொண்டைமானாறு. கடல் அலையையே எண்ணுற ஆக்கள்!"

அந்த இடத்திலாவது என் மூளை வேலை செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. கடற்காற்று காதை அடைக்கும் என்று சொன்னேன், அவர் என் பரம்பரையையே இழுத்தார், அதற்குள் யதுசன் வாசிப்பை முடிக்கும் தீர்மானம் வைத்தான். அவர் கையும் என் கையும் ஒன்றாக என் தொடையில் விழுந்தன! எழும்பிக் கட்டிப்பிடித்துக்கொண்டு "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கத்தினோம். நேரம் போகிறது, சுவாமியை விடுங்கோ என்று ஐயர் ஆள் அனுப்பினார். "சுவாமியும் கேக்கத்தான் நிக்கிறார், போய்ச் சொல்லும்" என்று இருவருமாக வந்த ஆளைத் திருப்பி அனுப்பினோம். பிறகும் அனுப்பினார். பிறகும் திருப்பினோம்.

கிழக்கு வாசலில் பெண்கள் வெயிலில் காய்ந்துபோய்க் கடைசியில் தேடிக்கொண்டு வந்துவிட்டார்கள். "இஞ்சாருங்கோ, சுவாமியை மறிச்சு வைச்சிருக்கிறது நீங்களோ?" என்று தவமலர் கேட்கிறாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு அம்மா அந்த மனிதரின் சால்வையைப் பிடித்து இழுத்து, "இந்த மனிசனைக் கோயிலுக்குக் கூட்டிவந்தது என்ரை பிழை" என்கிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எங்களைப் பார்த்தார்கள்.

"அப்ப நீங்கள்…" என்றேன்.

"ஓம். கோபிசங்கரின்ரை தகப்பன், செல்வரட்ணம்" என்றார். கை இன்னும் தாளத்தை விடவில்லை.

அக்கா, உங்கள் கை ராசியான கை! இப்படியொரு சம்பந்தி எனக்குக் கிடைப்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. அங்கேயே பேசி முடித்தோம். பிள்ளைகளோ, காணாதது மாதிரி நின்று அலுத்துப்போய், ஐஸ்கிறீம் விற்கிற வானுக்குப் பக்கத்தில் தாங்களே கதைத்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் பிடித்துப்போயிற்று. ஆவணியில் கலியாணம். அதே நாலு தவிலும் வரும், யதுசனும் வருவான். நீங்களும் அத்தானும் வந்து முன்வரிசையில் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் எல்லா நலமும் பெருகவும், குளிரில் உங்கள் முழங்கால் வலி குறையவும் முருகன் துணை நிற்பாராக.

உங்கள் அன்புத் தம்பி,
சோமசேகரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குமுன் தக்சாயினி வாங்கி வாசித்தாள். கலியாணத்துக்கு மேளமே கிடையாதாம். ஐஸ்கிறீம் வானடியில் இருவரும் சேர்ந்து எடுத்த முதல் முடிவு அதுதானாம். "மேளம் வந்தால் நீங்கள் என்னைத் தாரைவார்த்துக் குடுக்க வரமாட்டியள் அப்பா. என்ரை மாமாவாகப் போறவரும் வரமாட்டார். தாலி கட்டேக்கை கோபிசங்கரே போனிலை கெட்டிமேளம் போடுவார்" என்கிறாள். போனில்! உடனே செல்வரட்ணத்துக்கு அழைத்துச் சொன்னேன். பிறகு இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். மாப்பிள்ளை தங்கமான பிள்ளைதான், ஆனாலும் இந்தச் சம்பந்தம் சரிவராது அக்கா. தக்சாயினிக்கு வேறு இடம் பாருங்கள். கோபிசங்கருக்கும் நீங்களே ஒரு பெண் பார்க்க வேண்டுமாம். இரண்டு கலியாணத்துக்கும் மேளம் பிடித்தாகிவிட்டது.