நாறாத காரைத் தேர்ந்தெடுத்தவன்

ராயபுரம் மாதா கோயிலிலிருந்து கடலோரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு கறுப்பு பூட்ஸ். ஒன்றுதான், இடது கால். அதன் ஜோடி அந்த நேரத்தில் கோயில் தெருவில், கோட்டு போட்ட ஒரு புது மாப்பிள்ளையின் வலது காலில் இருந்தது.

எதிரே வந்தவர்கள் முதலில் பூட்ஸைப் பார்த்தார்கள், பிறகு என் வெறுங்காலைப் பார்த்தார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கியே கேட்டுவிட்டார்: “இன்னாபா, இன்னொண்ணு எங்க கீது?” நான் பார்த்த பார்வையில் மறுபடி ஏறி மிதித்துவிட்டார்.

கோபத்தில் ஒரு வசதி உண்டு. பசி தெரியாது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை. பிரியாணி அண்டா திறக்கும் முன்பே என்னைத் துரத்திவிட்டார்கள். முதலாளி மேல் கோபம், மாப்பிள்ளை மேல் கோபம், வாசிப்பதை நிறுத்தாத பேண்டு வாத்தியக்காரர்கள் மேல் கோபம். எல்லாரையும்விட என் மூக்கின் மேல் கோபம். இத்தனை வருஷத்தில் எல்லாரையும் மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை.

ஆறாம் வகுப்போடு ஊரைவிட்டுக் கிளம்பியவன் நான். லாரி கிளீனர், எண்ணூரில் உப்பளக் கூலி, பேசின் பிரிட்ஜில் கரி அள்ளுவது என்று எங்கெங்கோ இருந்துவிட்டு, அறுபதுகளின் கடைசியில் திருவொற்றியூரில் ஒரு டீக்கடையில் நின்றிருந்தபோது அந்தோணிராஜ் முதலாளி கண்ணில் பட்டேன். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் காண்ட்ராக்டர். பழைய ரேஸ் காரை ஓட வைக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சோழவரம் ரேஸ்ல வேலை பாத்திருக்கேன் சார்” என்றேன்.

(பொய் இல்லை. அங்கே சோடா விற்றிருக்கிறேன்.)

அன்றிலிருந்து என் பெயர் சோழவரம்.

முதலாளியிடம் இரண்டு கார்கள் இருந்தன. இரண்டும் இங்கிலாந்தில் செய்தவை. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. கப்பல் கம்பெனித் துரைகள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனவை. அவருடைய மகன் பீட்டருக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளையும் பெண்ணும் அப்படி ஒரு காரில் கோயிலிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும் என்று அவருக்கு ஆசை. இரண்டையும் பழுது பார்க்க மனசு வரவில்லை. ஒன்றை ஓட வைப்பது, மற்றதைப் பழைய இரும்புக்குப் போடுவது என்று முடிவு. தன் வீட்டுப் பக்கத்திலிருந்த தகர ஷெட்டைக் காட்டிச் சொன்னார்:

“எதுன்னு நீயே பாத்து சொல்லு. காரு கோயிலுக்குப் போயி ஒழுங்கா வூடு வந்து சேந்திச்சுன்னா, இந்த ஷெட்டு உனுக்கு. பின்னாடி ரூமு கீது, பூட்டிக்கினு தூங்கு.”

பூட்டிக்கொண்டு தூங்குவது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அதுவரை நான் படுத்த எந்த இடத்துக்கும் கதவு இருந்ததில்லை. அந்த ஷெட் கதவை நான் பார்த்த மாதிரி வேறு யாரும் ஒரு தகரக் கதவைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் கார் சிவப்பு. ராயபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு பங்களாவின் பின்கட்டில் வருஷக்கணக்காக நின்றது. யாரோ புதிதாகப் பெயிண்ட் அடித்து, அடிப்பாகத்தில் தார் பூசியிருந்தார்கள். பளபளவென்று இருந்தது. இரண்டாவது கார் என்ன நிறம் என்று முதல் நாள் தெரியவில்லை. காசிமேட்டில் கோவிந்தன் என்கிற படகுக்காரரின் வலைக் கொட்டகையில் கிடந்தது. படகுக்கு மீன் எண்ணெய் பூசும்போதெல்லாம் அவர் காருக்கும் பூசியிருக்கிறார். மேலே, கீழே, கதவிடுக்கில், ஒரு இடம் விடவில்லை. எண்ணெயில் தூசி ஒட்டி, தூசியில் கோழி இறகு ஒட்டி, மொத்தத்தில் செத்து ஒரு வாரமான சுறாவுக்குச் சக்கரம் மாட்டிய மாதிரி இருந்தது. நாற்றமோ திருவொற்றியூர் பஸ் ஸ்டாப்பிலேயே வந்து வரவேற்றது. இரண்டையும் லாரியில் கட்டி ஷெட்டுக்கு இழுத்து வந்தோம்.

பீட்டர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, “டாடி, இத்துல ஏத்துனா ஸ்டெல்லா தாலி கட்ன சூட்டோட அவங்க அம்மா வூட்டுக்கு ஓடிடுவா” என்றான்.

முதலாளி என்னைப் பார்த்தார். “இன்னா சோழவரம்?”

நான் நிபுணன் ஆயிற்றே. சிவப்பு காரைச் சுற்றி வந்தேன். பானெட்டை விரலால் தட்டினேன். காதை வைத்துக் கேட்டேன் (என்ன கேட்டேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது). மண்டியிட்டுக் கீழே பார்த்தேன், தார் மினுமினுத்தது. பிறகு மற்ற காரின் அருகில் போனேன். ஒரே ஒரு தடவை மூச்சு இழுத்தேன்.

“சிவப்புதான் சார். இது தேறாது. உள்ள எல்லாம் அழுகிப் போச்சு.”

அழுகிப் போச்சு! மீனா அது, அழுகுவதற்கு?

மறுநாளே கொருக்குப்பேட்டையிலிருந்து பழைய இரும்புக்காரர் காஸ் சிலிண்டரோடு வந்துவிட்டார். தீ பட்டதும் எண்ணெய் பொரிய ஆரம்பித்தது. தெரு முழுக்க மீன் வறுக்கும் வாசனை. எங்கிருந்தோ பூனைகள் வந்து வட்டமாக உட்கார்ந்துகொண்டன. அரை மணி நேரம் கழித்து அந்த ஆள் கண்ணாடியைக் கழற்றி என்னைக் கூப்பிட்டார்.

“நைனா, இங்க வா. இத்த எவன் வெட்ட சொன்னது?”

வெட்டிய இடத்தைத் துணியால் துடைத்துக் காட்டினார். தகடு புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. ஒரு பொட்டுத் துரு இல்லை. எண்ணெய்க்கு அடியில் கரும்பச்சைப் பெயிண்ட், துரை விட்டுப்போன அன்று இருந்த மாதிரியே இருந்தது. ஆனால் கார் அதற்குள் இரண்டு துண்டாகியிருந்தது.

நான் ஓடிப்போய்ச் சிவப்பு காரின் அடியில் படுத்தேன். தாரின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. இழுத்தால், கூடவே ஒரு பிடி துரு. கடற்காற்று தகட்டைத் தின்று தீர்த்துவிட்டுத் தாரை மட்டும் மிச்சம் வைத்திருந்தது. அந்தப் பக்கம் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும் என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நிபுணனுக்குத் தெரியவில்லை.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். “சார், தரை பூரா போச்சு. புதுத் தகடு வெச்சுப் பத்த வெக்கணும்.”

“கோயிலுக்கும் வூட்டுக்கும் எம்மாந் தூரம்டா?”

“அதில்ல சார், சீட்டே அதுலதான் நிக்குது.”

“மேல கம்பளம் போட்டு மூடு. சொம்மா பேஜார் பண்ணிகினு.”

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் ஷெட் கதவைப் பார்த்தேன். கம்பளத்தை வாங்கிவந்து போட்டேன். நல்ல சிவப்புக் கம்பளம். என்ஜின் மட்டும் நிஜமாகவே அழகாக ஓடியது. அதையாவது என் பேரில் எழுதிக்கொள்கிறேன்.

கல்யாணத்தன்று பூசை முடிந்து பீட்டர் ஸ்டியரிங்கைப் பிடித்தான், பக்கத்தில் ஸ்டெல்லா. முன்னால் பேண்டு. எல்லாருக்கும் முன்னால் இரவல் வெள்ளைச் சட்டையில் நான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு. தெரு முனையில் பேண்டு திடீரென்று நின்றது. பீட்டர் பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

பிரேக் கட்டை, அது பொருத்தியிருந்த தரை, கம்பளம், பீட்டர் உட்கார்ந்திருந்த சீட்டு எல்லாம் ஒன்றாகக் கீழே போயின. பீட்டர் ரோட்டில் நின்றான். கார் நிற்கவில்லை. ஆகவே அவன் ஓடினான். வெளியிலிருந்து பார்த்தால் மாலை போட்ட ஒரு தலை மட்டும் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டிருந்தது. கதவுக்கு அடியில் இரண்டு பூட்ஸ்கள் குடுகுடுவென்று ஓடின. மாப்பிள்ளை ஆடுகிறார் என்று நினைத்த பேண்டுக்காரர்கள் வேகமாக வாசித்தார்கள்.

ஸ்டெல்லாவின் பக்கம் மட்டும் தரை விழவில்லை. அவள் எழுந்து நின்று கத்தினாள்: “பீட்டரு, நிக்காத, ஓடு! நின்னியானா சக்கரம் ஏறிடும்!”

மீனுக்கு ஐஸ் கொண்டுபோகும் கைவண்டியில் மோதித்தான் கார் நின்றது. யாருக்கும் காயமில்லை. பெண்ணின் வெள்ளை கவுன் நிறைய ஐஸ். அவள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். (அந்த ஒருத்தி மேல் மட்டும் எனக்குக் கோபம் இல்லை.) ஓட்டத்தில் கழன்று வழியில் கிடந்த இடது பூட்ஸை எடுத்துக்கொண்டு காரிடம் ஓடினேன்.

“எவன்டா இந்தக் காரை செலக்ட் பண்ணது?” என்று முதலாளி கத்தினார். தெருவே என்னைக் கைகாட்டியது.

“கம்பளம் யாரு போடச் சொன்னது சார்?” என்றேன்.

கன்னத்தில் ஒன்று விழுந்தது. “சோமாறி! சோழவரமாம் சோழவரம்! பூட்ஸை குட்துட்டு ஓட்றா!”

ஓடவில்லை, நடந்தேன். பூட்ஸையும் கொடுக்கவில்லை.

இன்று எங்கள் வீட்டில் புடவை, பிரஷர் குக்கர், மருமகன் எதை எடுத்தாலும் என்னிடம் யோசனை கேட்பதில்லை. என் மகள் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, “நாறுதுப்பா, தைரியமா வாங்கலாம்” என்பாள். வீடே சிரிக்கும். நானும் பல்லைக் காட்டுவேன்.

அன்று நடந்து நடந்து காசிமேட்டுக்கு வந்துவிட்டேன். கவிழ்த்துப்போட்ட படகின் நிழலில் கோவிந்தன் உட்கார்ந்திருந்தார். கார் எடுக்கப் போன அன்றே பழக்கம்.

“வா சோழவரம். கண்ணாலம் ஆச்சா? நம்ம காரு எப்டி ஓடிச்சு?”

அவருடைய காரில்தான் ஊர்வலம் போனது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

“வெட்டியாச்சுண்ணா. பழைய இரும்புக்கு.”

மடியிலிருந்த வலையைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகத்தான் கேட்டார்.

“போவசொல்ல தொரெ என் கையப் புடிச்சி, பாத்துக்கோன்னான். போட்டுக்கு ஊத்தாம அதுக்கு ஊத்தினேன் எண்ணெய. ஓட்டுவாங்கன்னுதான குட்தேன். ஏன்யா வெட்னீங்க?”

“நாறிச்சுண்ணா.”

அவர் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அடிக்கவில்லை. பூட்ஸைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார், எண்ணெய் டின்னைக் காலால் என் பக்கம் தள்ளினார். “காலீல வா. பெரிய மூக்கு!”

மறுநாள் விடிந்ததும் போனேன். ஒரு படகு முழுக்க, வெளியே, உள்ளே, இடுக்கெல்லாம், சுறா எண்ணெய் பூசுவது வேலை. கந்தல் துணியை டின்னில் முக்கினேன். படகில் கை வைக்கும் முன், முதலில் அந்த இடது பூட்ஸுக்குப் பூசினேன்.