சுவரில் அடித்த கதவு

ஆபத்துக் காலத்தில் நூறு பேரைக் காப்பாற்றுவதற்காக நான் ஒருமுறை ஒரு கதவு வைத்தேன். அதன் வழியாக ஒரு பல்லிகூட வெளியே போக முடியாது.

கல்யாணமான புதிது. சுங்குவார்சத்திரத்தில் ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் மாமனார் கட்டியிருந்த மினி ஹாலுக்கு நான்தான் நிர்வாகி. (வேலையில்லாத மாப்பிள்ளையை வேறு எப்படி அழைப்பது?) லைசென்ஸ் புதுப்பிக்கப் போனபோது வந்தது வில்லங்கம். ஒரே வாசல் என்றால் ஐம்பது பேருக்குத்தான் அனுமதியாம். நூறு பேர் கூடவேண்டுமானால், தீப்பிடித்தால் வெளியேற இன்னொரு கதவும் படிக்கட்டும் வேண்டுமாம். நானோ, அந்த ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தத்துக்கு நூறு பேர் வரலாம் என்று பெண் வீட்டாரிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

சுவரை இடித்துப் படிக்கட்டுக் கட்ட இரண்டு மாதமாவது ஆகும். என் மூளைக்கு ஒரு மணி நேரம் போதும். பழைய கதவு ஒன்றை வாங்கி வந்து, பின்சுவரில் அப்படியே வைத்து ஆணியடித்தேன். பெயின்ட் பூசி, மேலே பச்சையில் ‘எக்ஸிட்’ போர்டும் மாட்டினேன். தள்ளி நின்று பார்த்தபோது, எனக்கே அதன் வழியாக ஒருமுறை போய்வரலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை தீயணைப்பு அதிகாரி ஆய்வுக்கு வந்தார். நேராகக் கதவிடம் போனார்.

“திறங்க.”

“மழையில உப்பிடுச்சு சார்.”

“பரவாயில்ல, தள்ளலாம்.”

“பூட்டியிருக்கு சார். சாவி மாமனார்கிட்ட. அவரு மணிமங்கலத்துல...”

“வரட்டும், வெயிட் பண்றேன்” என்று நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

வேறு வழியில்லாமல், போனில் குரலைத் தாழ்த்தி, “மாமா, பின்பக்கக் கதவு சாவி வேணுமாம்” என்றேன். அவர் புரிந்துகொண்டு, வெளியூரில் இருப்பதாகச் சொல்லிவிடுவார் என்று நம்பினேன். முக்கால் மணி நேரத்தில் மொபெட்டில் வந்து இறங்கினார், நிஜமாகவே ஒரு சாவிக்கொத்தோடு. மூச்சு வாங்க மாடியேறி வந்தவர் கதவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“இன்னா மாப்ள, செவுத்துக்கு எதுக்கு சாவி?”

அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “புகையில நூறு பேரு இந்தக் கதவைத்தான் நம்பி ஓடி வருவாங்க தம்பி” என்றார். ஐம்பது பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கதவை அங்கேயே, அவர் முன்னாலேயே, என்னையே பிடுங்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பாதி விருந்தினர் ரோட்டோரப் பந்தலில் உட்கார்ந்து வியர்த்தார்கள்.

பின்சுவரை இடித்து, நிஜமான கதவும் இரும்புப் படிக்கட்டும் பிறகு வந்தன. ஆனால் எங்கள் குடும்பத்தில் எந்த கிரகப்பிரவேசமானாலும், ஒவ்வொரு கதவையும் நான் திறந்து வெளியே போய்க் காட்டாமல் பால் காய்ச்சுவதில்லை. போன மாதம் குன்றத்தூரில் மச்சானின் புது ஃபிளாட்டில் பால்கனிக் கதவைத் திறந்து, பெருமையாக வெளியே போய் நின்றேன். உள்ளே யாரோ தாழ்ப்பாள் போட்டார்கள். பந்தி முடியும்வரை திறக்கவில்லை.