நாயிடம் மட்டும் நல்லவர்

நம் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. மனிதர்களிடம் இதமாக ஒரு வார்த்தை பேசிவிட்டால் மரியாதை போய்விடும் என்று நம்புகிற இனம். பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்றால் "கஷாயம் வச்சுக் குடி" என்பார்கள், மகன் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தால் "ம்" என்பார்கள், மகள் பிரசவத்துக்கு வந்து இறங்கினால் "பஸ்ல கூட்டமா?" என்று கேட்டுவிட்டு வயலுக்குப் போய்விடுவார்கள். கல்நெஞ்சக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆள் கொல்லைப்பக்கம் போய், "என்னடா தங்கம், மூஞ்சி வாடியிருக்கு, யாரு என்ன சொன்னா?" என்று குழைவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். யாரிடம்? நாயிடம்.

வலங்கைமானுக்குப் பக்கத்து ஊர்க்காரரான நீலமேகத்தை இந்த இனத்தின் தலைவர் என்றே சொல்லலாம். அவருடைய அப்பா பண்ணையில் கூலிக்கு நாற்றுப் பறித்தவர். கொடி பிடித்து, அடிபட்டு, ஜெயிலுக்குப் போய் வாங்கிய மூன்று ஏக்கரில் மகன் சம்பா நட்டார். அந்த நிலத்தின் குறுக்கே குழாய் பதிக்க எரிவாயுக் கம்பெனிக்காரர்கள் கல் ஊன்றிவிட்டுப் போனபோது, அதைப் பிடுங்கித் தோளில் சுமந்துகொண்டு போய் அவர்கள் ஜீப்புக்கு முன்னால் போட்டார் நீலமேகம். அன்றே அவரைப் போராட்டக் குழுவுக்குத் தலைவராக்கிவிட்டார்கள். மாறி மாறி ஆண்ட இரண்டு கழகங்களின் மந்திரிகளும் அவர் வாயில் விழுந்து எழுந்தவர்கள்தான்.

இப்பேர்ப்பட்டவர் வீட்டில் சிப்பாய் என்று ஒரு பழுப்பு நாய். வயது பத்து. அதற்குத் திடீரென்று தாகம் பிடித்துக்கொண்டது. ஒரு வாளித் தண்ணீரை மதியத்துக்குள் காலி செய்தது. குடித்ததையெல்லாம் வீட்டுக்குள்ளேயே காலைத் தூக்கித் திருப்பிக் கொடுத்தது. எதைப் போட்டாலும் தின்றது. முதுகில் முடி கொட்டியது, வயிறு மட்டும் பானையாகத் தொங்கியது.

"மாசமா இருக்குமோ?" என்றார் மனைவி தனபாக்கியம்.

"ஆம்பள நாய்டி."

கால்நடை மருத்துவர் கமருன்னிஸா ரத்தம் எடுத்து அனுப்பிப் பார்த்துவிட்டு விளக்கினார். "குஷிங் நோய்னு பேருங்க. கிட்னிக்குப் பக்கத்துல இருக்கிற சுரப்பி அளவுக்கு மேல சுரக்குது. அடியோட குணமாகாது, கட்டுப்படுத்தலாம். தினமும் ஒரே நேரத்துக்கு, சாப்பாட்டோட ஒரு மாத்திரை. தண்ணியைக் குறைச்சிடாதீங்க. சாப்பிடாம சுருண்டு படுத்துக்கிட்டா, மாத்திரையை நிறுத்திட்டு உடனே கூட்டிட்டு வாங்க. அளவை மட்டும் நீங்களா மாத்தக் கூடாது."

ஊருக்குப் புதுப் பேச்சு கிடைத்தது. டீக்கடையில் குழாய்ப் பிரச்சினையைப் பேச உட்கார்ந்தால், நீலமேகம் சுரப்பியில் தொடங்கி மூத்திரத்தில் முடிப்பார். "குஷிங்" என்று அவர் சொன்னதும், குழுவின் செயலாளர் வைரக்கண்ணு, "பேர்லயே குஷி இருக்கே, அப்புறம் என்ன கவலை?" என்று கேட்டுவிட்டார். மூன்று நாள் அவரோடு பேச்சுவார்த்தை இல்லை.

காலை ஏழரைக்கு இட்லியைப் பிட்டு, உள்ளே மாத்திரையை வைத்து, விரலால் மூடி, "கசக்காதுடா ராஜா" என்று சொல்லி ஊட்டுவார். தன் ரத்தக்கொதிப்பு மாத்திரையை நான்கு நாளாக விழுங்கவில்லை என்பது அவருக்கு நினைவிருக்காது. சிப்பாய் வழுக்கிவிடக் கூடாது என்று கூடத்தில் சாக்கு விரித்தார். அதே கூடத்தில் தனபாக்கியம் இரண்டு வருஷமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். முழங்கால் வலி. அதற்கு நீலமேகத்தின் வைத்தியம் ஒன்றே ஒன்று: "தைலம் தேய்."

இந்த இனத்துக்கு இன்னொரு குணம் உண்டு. ஒரு மாதம் மருந்து கொடுத்துவிட்டால் பாதி டாக்டராகிவிடுவார்கள். தாகம் தணிந்தது, வயிறு வற்றவில்லை. ஒரு மாத்திரைக்கு இவ்வளவு குணம் என்றால் இரண்டுக்கு எவ்வளவு என்று யோசித்தார் நீலமேகம். யாரிடமும் சொல்லாமல் ஒரு வாரம் இரண்டிரண்டாகக் கொடுத்தார்.

அந்த வாரக் கடைசியில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை. ஒரு பக்கம் கம்பெனி அதிகாரிகள், மறுபக்கம் குழுவினர் இருபது பேர். பேச்சு சூடாகும் நேரத்தில் நீலமேகத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது.

"சிப்பாய் ஒண்ணும் சாப்பிடலைங்க," என்றார் தனபாக்கியம். "வாந்தி எடுத்துட்டு சுருண்டு கெடக்கு. காலெல்லாம் நடுங்குது."

நீலமேகம் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் செத்துப்போயிருந்தது. "இனிமே இங்க உக்காந்து பேசிக்கிட்டிருக்கிறதுல அர்த்தமே இல்ல," என்றவர் விறுவிறுவென்று வெளியே போனார். குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவரே எழுந்துவிட்டார், பிறகென்ன? இருபது பேரும் எழுந்தார்கள். வாசலில் கோஷம் கிளம்பியது. பத்திரிகைக்காரர்கள் ஓடி வந்தார்கள். தலைவரின் பேட்டி வேண்டும் என்று தேடினால், தலைவர் டிவிஎஸ்ஸில் பாதி தூரம் போயிருந்தார்.

வீடு பூட்டிக் கிடந்தது. சிப்பாயை ஆட்டோவில் கொண்டுபோயிருப்பதாகப் பக்கத்து வீட்டு அம்சம் சொன்னார். "நான் ஒரு கை புடிக்கிறேன்னு சொல்றதுக்குள்ள அக்கா தூக்கிட்டாங்க. பதினெட்டு கிலோ இருக்கும். அந்த முட்டிய வச்சுக்கிட்டு எப்படித்தான் தூக்குனாங்களோ."

கால்நடை ஆஸ்பத்திரியில் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் தனபாக்கியம். அவர் மடியில் சிப்பாயின் தலை. அதன் முன்னங்காலில் குளுக்கோஸ் இறங்கிக்கொண்டிருந்தது. தனபாக்கியத்தின் முழங்கால் இரண்டும் வீங்கியிருந்ததைச் சேலைக்கு மேலேயே பார்க்க முடிந்தது.

"மருந்து அதிகமானா இப்படித்தான் ஆகும்," என்றார் டாக்டர். "ஒரு மாத்திரைதானே குடுத்தீங்க?"

நீலமேகம் குளுக்கோஸ் பாட்டிலை அண்ணாந்து பார்த்தார். மந்திரிகளிடம் உயர்ந்த குரல் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"நாந்தாங்க," என்றார் தனபாக்கியம். "இவர் குடுத்தது தெரியாம நானும் ஒண்ணு குடுத்துட்டேன் போலருக்கு."

அவர் மாத்திரை டப்பாவைத் தொட்டதுகூட இல்லை. அது நீலமேகத்துக்குத் தெரியும். டப்பா சீக்கிரம் காலியாவதைப் பார்த்துப் பார்த்து மனைவிக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்பது அப்போதுதான் நீலமேகத்துக்கு உறைத்தது.

"இல்லீங்க டாக்டர்," என்றார் மெதுவாக. "நான்தான். ஒரு வாரமா ரெண்டு ரெண்டா." பிறகு தரையில் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சிப்பாயின் காதைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "முட்டி ரொம்ப வலிக்குதா?"

தனபாக்கியம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "டாக்டரம்மா, இவருக்கும் என்னமோ ஆயிடுச்சு. கொஞ்சம் பாருங்க."

இரண்டு நாளில் சிப்பாய் கண் திறந்து, மூன்றாம் நாள் இட்லி தின்றது. குறைந்த அளவில் மறுபடி மருந்து தொடங்கி, இன்னும் இரண்டு வருஷம் நன்றாகவே இருந்தது. அந்த வெளிநடப்பு செய்தித்தாளில் படத்தோடு வந்தது; அடுத்த பேச்சுவார்த்தையில் குழாயை வயலை விட்டு விலக்கிச் சாலையோரமாகக் கொண்டுபோகச் சம்மதித்தார்கள். தலைவரின் ராஜதந்திரம் என்று ஊர் இன்றைக்கும் பேசுகிறது. அவர் மறுப்பதில்லை. தனபாக்கியத்தைக் கும்பகோணத்தில் எலும்பு டாக்டரிடம் அழைத்துப்போனார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே டாக்டர் முழங்காலை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்த கால் மணி நேரமும், நாயின் சுரப்பியைப் பற்றி நீலமேகம் அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார் என்பதையும்தான். ஒரே நாளில் இனம் மாறிவிடுமா என்ன?

சிரித்துக்கொண்டே படிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் நாயே கிடையாது, அதனால் கவலையில்லை. சரி. ஆனால் நேற்றுக் காலை வாசலில் நின்ற வண்டியை ஈரத்துணியால் துடைத்து, அதன் கீறலைத் தடவித் தடவி வருந்திக்கொண்டிருந்தபோது, உள்ளேயிருந்து இருமிக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "கொஞ்சம் சத்தம் போடாம இரேன்" என்று சொன்னது யார்?