சோதனை ஓட்டம் திருப்தியில்லை

சோம்பேறிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் சோம்பலை அத்தனை சுறுசுறுப்பாகச் செய்த ஒரே மனிதர் எங்கள் நகராட்சி ஆபீசின் ‘ரிமார்க்ஸ்’தான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. எந்தக் காகிதம் வந்தாலும் ஓரத்தில் ஒரு ரிமார்க்ஸ் எழுதி, வந்த வழியே திருப்பி அனுப்புவதுதான் அவர் உத்தியோகம்.

ஊர் பெயர் வேண்டாம், சண்டைக்கு வருவார்கள். அவிநாசிப் பக்கம், வீட்டுக்கு வீடு பனியன் மெஷின் கடகடக்க ஆரம்பித்திருந்த அறுபதுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அங்கே டைப்பிஸ்ட்.

ஒருமுறை ஒரு செட்டியார், தன் வீட்டுக்கூரை மேல் சாய்ந்த நகராட்சிப் புளியமரத்தை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்தார். ‘எந்தத் திசையில் சாய்ந்துள்ளது?’ என்று ரிமார்க்ஸ். ‘மேற்கே’ என்று பதில் வந்தது. ‘எங்கிருந்து பார்த்தால் மேற்கு?’ என்று மறுபடி ரிமார்க்ஸ். அதற்குப் பதில் வருவதற்குள் ஆடிக் காற்றில் மரமே விழுந்து, செட்டியார் வீட்டு ஓடு பாதி போயிற்று. மனிதர் கொஞ்சமாவது வருத்தப்பட்டாரா? ‘மரம் தானே விழுந்துவிட்டபடியால் உத்தரவு தேவையில்லை. கோப்பை முடிக்கலாம்’ என்று எழுதிவிட்டு டீ குடிக்கப் போனார். கையில் ஆணி இருந்தால் அவர் நாற்காலியில் வைத்திருப்பேன்.

அந்தச் சமயத்தில் சர்க்கார் எங்கள் கவுன்சிலைக் கலைத்து, ஒரு தனி அதிகாரியை அனுப்பியது. அதற்கு முந்தின வாரம்தான் சந்துப்பேட்டைக்குக் குடிநீர்க் குழாய் போட்டு முடித்திருந்தார்கள். திறப்பு விழாக் கல்லில் சேர்மன் பெயரைக்கூட வெட்டியாயிற்று. இப்போது கல் இருக்கிறது, சேர்மன் இல்லை. யார் திறப்பது என்று சென்னைக்குக் கேட்டு எழுதினார்கள். பதில் வரும்வரை குழாய்க்குச் சாக்குக் கட்டிப் பூட்டு போடும்படி தனி அதிகாரியின் உத்தரவு. தண்ணீருக்குத் தாகம் எடுக்காது, மக்களுக்குத்தான் எடுக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்காத பாடம்.

சித்திரை வெயிலில் சந்துப்பேட்டைக் கிணறு வற்றியது. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் ரஹீமா என்ற பெண், தெருவுக்கே சேர்த்து ஒரு மனுவோடு வந்தாள்.

“ஏனுங்கய்யா, ஒரு கொடம் தண்ணிக்கு ரெண்டு மைலு நடக்கறமுங்க. எட்டு மணிச் சங்குக்குள்ள போகலீன்னா கம்பெனிக் கதவச் சாத்தீருவாங்க. இந்த வாரம் ரெண்டு நாளு திரும்பி வந்துட்டனுங்க. இன்னொரு நாளு ஆச்சுன்னா வேலையே இல்லீன்னுட்டாங்க.”

ரிமார்க்ஸ் மனுவை மேலும் கீழும் பார்த்தார்.

“தேதி போடலீங்களே, அம்மிணி.”

அவள் அழுதுகொண்டே தேதி போட்டாள். எனக்கு வந்த கோபத்தில் டைப் மெஷினைத் தூக்கி அவர் தலையில் போடத் தோன்றியது. கனமாக இருந்ததால் விட்டேன்.

மறுநாள் காலை சந்துப்பேட்டை வழியாக வந்தால் சாக்கைக் காணோம், பூட்டைக் காணோம். குழாயில் தண்ணீர் கொட்டுகிறது, குடங்கள் வரிசையாக நிற்கின்றன. பக்கத்தில் எங்கள் ஆபீசின் குழாய் திறக்கும் ஆள் சாவியோடு குந்தியிருந்தார். ஆபீசுக்கு ஓடிப்போய்க் கோப்பைப் பார்த்தேன். திறப்பு விழாவுக்கு முன் புதுக் குழாயைச் சோதித்துப் பார்க்கலாம் என்று ஒரு விதி. அதன் கீழே ரிமார்க்ஸின் கையெழுத்தில்: ‘காலை ஐந்து முதல் ஏழு வரை சோதனை ஓட்டம் செய்யப்பட்டது. திருப்தியில்லை. நாளை மீண்டும் செய்யலாம்.’

“தண்ணி ஜோரா வருதுங்களே சார். எங்க திருப்தியில்ல?”

“திருப்தீன்னு எழுதுனா சோதன முடிஞ்சுருமுங்க தம்பி. முடிஞ்சா பூட்டோணும்.”

பதினோரு மாதம், தினமும், திருப்தியில்லை.

கடைசியில் சென்னை கண் திறந்தது. ஒரு மந்திரி வந்து குழாயைத் திருகினார். தண்ணீர் பீறிட்டது, எல்லோரும் கைதட்டினார்கள். வருஷக் கணக்குப் பார்க்க வந்திருந்த தணிக்கைக்காரர் மட்டும் தட்டவில்லை. நேற்றுவரை திருப்தியில்லாத குழாய் இன்று எப்படி இப்படிக் கொட்டுகிறது என்று கோப்பைப் புரட்டினார். ரிமார்க்ஸுக்கு ஓய்வுபெற இன்னும் மூன்று மாதம். பென்ஷனை நிறுத்தக்கூடிய குற்றச்சாட்டு மெமோ ஒன்றைத் தனி அதிகாரி எழுதி, அடித்துக் கொடுக்கும்படி என்னிடம் தந்தார்.

அடித்தேன். ரிமார்க்ஸ் அதை நிதானமாகப் படித்துவிட்டு, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போடாமல் ஓரத்தில் எழுதினார்: ‘நகல் தெளிவாக இல்லை. வேறு அடித்துத் தரவும்.’

அப்போதுதான் எனக்கும் புத்தி வந்தது. ஓய்வு பெற்றவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமானால் மறுபடி சென்னைக்கு எழுத வேண்டும். சென்னை பதில் போடுவதற்குள் அவர் பேரனே ஓய்வு பெற்றுவிடுவான். ‘ரிப்பன் தேய்ந்துவிட்டது, புது ரிப்பன் வந்ததும் அடிக்கப்படும்’ என்று தனி அதிகாரிக்கு எழுதி, ரிப்பன் கேட்டு ஒரு விண்ணப்பமும் அனுப்பினேன். என் டிராயரில் இரண்டு புது ரிப்பன் இருந்தது.

மூன்று மாதம் ஓடியது. கடைசி நாள் மாலை, கழுத்து மாலையோடு என் மேசைக்கு வந்தார்.

“ரிப்பன் வந்துருச்சுங்களா, தம்பி?”

“இன்னும் வரலீங்க சார்.”

“எப்படி வருமுங்க? உங்க விண்ணப்பம் என்ற மேசைலதானுங்க கெடக்குது.”

சிரிக்கக்கூட இல்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்து அந்த நாற்காலிக்கு வந்தவர் கெட்டிக்காரர். எல்லாக் காகிதத்தையும் அன்றன்றே அனுப்பிவிடுவார். எனக்கு என்னவோ அதற்கப்புறம் அந்த ஆபீசே பிடிக்காமல் போயிற்று.