ஆட்டோ மைக்கில் வேலை போனவர்

தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை அதன் தண்ணீரைச் சந்தேகப்பட்ட ஒரே மனிதர் எங்கள் ஊர் பிளீச்சிங்தான். மற்றவர்கள் அதைக் குடித்தார்கள், அதில் குளித்தார்கள், வெளியூர்க்காரர்களிடம் அதன் ருசியைச் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். அவர் மட்டும் அதைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, ஐந்து சொட்டு மருந்து விட்டு, வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். மஞ்சள் நிறம் வந்தால் தண்ணீரில் குளோரின் இருக்கிறது, குடிக்கலாம். வராவிட்டால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

பேரூராட்சியில் மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் வேலை. பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது பயன்பட்டதில்லை. அவரிடம் ஆறு சட்டைகள் இருந்தன. ஆறும் வெவ்வேறு நிறத்தில் வாங்கியவை, ஆறும் ஒரே நிறத்துக்கு வந்து சேர்ந்தவை. அவருடைய சைக்கிள் தெருமுனை திரும்புவதற்கு முன்பே பிளீச்சிங் பவுடர் வாடை திரும்பிவிடும்.

ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில் பதினான்கு நிமிஷம், அதற்குமேல் கேட்கக் கூடாது. நான் அரசு விதைப் பரிசோதனைக் கூடத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன். நானூறு நெல்லை ஈரத்தாளில் பரப்பி, எத்தனை முளைத்தன என்று எண்ணுவது உத்தியோகம். ஓய்வுபெற்ற பிறகு எண்ண நெல் இல்லாததால் மற்றதையெல்லாம் எண்ணுகிறேன். காலையில் குழாயில் தண்ணீர் வந்து நிற்பதற்குள் எத்தனை குடம் நிரம்பியது என்று நான் சொல்வேன். எத்தனை குழாயடியில் மஞ்சள் வந்தது என்று அவர் சொல்வார். எங்கள் சிநேகம் அப்படி வளர்ந்தது.

ஒரு சமயம் அவருடைய சொந்த மைத்துனர் இறந்துபோனார். துஷ்டி வீட்டில் அழுது ஓய்ந்து உட்கார்ந்தவரிடம் யாரோ ஒரு டம்ளர் தண்ணீரைக் கொடுத்தார்கள். கண்ணைத் துடைத்தார், சட்டைப் பைக்குள் கையை விட்டார், கண்ணாடிக் குழாயை எடுத்தார்.

“அண்ணாச்சி, இங்கனயுமா?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“செத்தவருக்குத்தான் இனி பயமில்ல. இருக்கவங்க குடிக்கணும்லா?”

மஞ்சள் வரவில்லை. பந்தலில் இருந்த மூன்று குடத்தையும் சாய்த்துவிட்டு, தெருக்குழாயில் புதிதாகப் பிடித்துவந்து வைத்தார். அதன்பிறகு உட்கார்ந்து மிச்ச அழுகையை அழுதார்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தபோது எங்கள் ஊரில் வயிற்றுப்போக்கு வந்தது. முதல் நாள் இரண்டு பேர், மறுநாள் ஐந்து பேர், வாரக் கடைசியில் பதினொரு பேர். அம்பாசமுத்திரம் ஆஸ்பத்திரியில் எங்கள் தெருவுக்கென்றே ஒரு வரிசைக் கட்டில் ஒதுங்கிவிட்டது.

பேரூராட்சி உடனே சுறுசுறுப்பானது. முதலில் ஒரு கூட்டம் போட்டார்கள். பிறகு ஒரு பேனர் வைத்தார்கள். அதில் கை கழுவுவது எப்படி என்ற படம் உள்ளங்கை அகலம், தலைவர் படம் ஆள் உயரம். மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்றதும் தெருவின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைப் பவுடரைக் கோடாகப் போட்டார்கள். அதிகாரி வரவில்லை, மழை வந்தது. கோடு சாக்கடைக்குப் போனது. செயல் அலுவலர் ஈரோட்டுப் பக்கத்து இளைஞர், நல்ல பிள்ளை. என்ன வேலை செய்தாலும் தேதியும் இடமும் பதிந்த போட்டோ ஒன்றை அரை மணிக்கொருதரம் மேலிடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பியாக வேண்டிய நிலையில் அவர் இருந்தார். பாவம், பாதி நேரம் வேலை செய்தார், பாதி நேரம் வேலை செய்வதுபோல் நின்றார்.

இதற்கிடையில் பிளீச்சிங், யாரும் சொல்லாமலே, இடுப்பளவு சாக்கடையில் இறங்கி ஒவ்வொரு குழாயாகத் தடவிப் பார்த்து, வெடித்த இடத்தைக் கண்டுபிடித்தார். இரண்டே நாளில் அது மாற்றப்பட்டது. தொட்டியைக் கழுவி, பவுடர் அளவை மேலிடம் சொன்னபடி கூட்டினார். வியாதி அதோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் எங்கள் ஊர்ப் பெருமை குறுக்கே வந்தது.

எங்கள் தெருவில் அப்பளக் கூடம் வைத்திருப்பவர் செண்பகம். பன்னிரண்டு பெண்கள் அவரிடம் வேலை செய்கிறார்கள். மறுநாள் காலை தண்ணீர் வந்தபோது, பிளீச்சிங் வழக்கம்போல் வீடு வீடாகக் குழாயடியில் நின்று, “வாடை வருதா? வருதுன்னா நல்லது, பயப்படாதிய” என்று கேட்டுக்கொண்டு வந்தார். செண்பகம் இடுப்பில் கை வைத்தார்.

“வாடையா? பிசைஞ்ச மாவுல ஆஸ்பத்திரி நாத்தம் அடிக்கு அண்ணாச்சி! அப்பளத்தப் பொரிச்சா ஊசி போட்ட மாதிரி இருக்கு. இத எவன் வாங்குவான்?”

“உசுரு இருந்தாத்தான யக்கா அப்பளம்?”

“எங்க அப்பா, தாத்தா எல்லாம் ஆத்துத் தண்ணி குடிச்சு தொண்ணூறு வருசம் இருந்தாக. அவுகளுக்கு நீரா பவுடர் போட்டீரு? ஏட்டி, எல்லாரும் குடத்த எடுங்கட்டி!”

பன்னிரண்டு குடங்கள் படித்துறைக்கு நடந்தன. மறுநாள் நாற்பதுக்குமேல் போயின. ஆறோ செம்மண் நிறத்தில், மேலே எத்தனை ஊர் உண்டோ அத்தனை ஊர் அழுக்கையும் சுமந்து வந்துகொண்டிருந்தது. அதை வேட்டியில் வடிகட்டிக் குடித்தார்கள். பிளீச்சிங் படித்துறையில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்று பார்த்தார். அவரைச் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் பதினேழு பேர். பதினேழாவது ஆள் செண்பகத்தின் கணவர். இரண்டு உளுந்து மூட்டையை ஒரே தூக்கில் தூக்கும் மனிதரை நாலு பேர் ஆட்டோவில் தூக்கிவைத்தார்கள். பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்படி ஆனது.

அப்போதும் செண்பகம் அழுதுகொண்டே சொன்னது இதுதான்: “அந்தப் பவுடர் தண்ணியக் குடிச்சதுல ஆரம்பிச்ச வினை.”

அன்று பிளீச்சிங் என் வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார். “சார்வாள், நீங்க எண்ணுத ஆளுல்லா. கணக்கு என்ன சொல்லுது?”

நான் நோட்டை எடுத்தேன். பத்து நாளாக யார் யார் வாடை என்று சொன்னார்கள் என்று குறித்து வைத்திருந்தேன். தினமும் இருபதுக்குக் குறையாத புகார். ஒரு வியாழக்கிழமை மட்டும் பூஜ்யம். அன்றைக்கு என்ன என்று யோசித்தோம். அன்றைக்கு அவர் சைக்கிள் பஞ்சர், தெருவுக்கு வரவில்லை. பவுடர் என்னவோ அதே அளவு.

எனக்கு வாயை அடக்கத் தெரியாது. சொல்லிவிட்டேன். “வே, நாறுதது தண்ணி இல்ல. நீருதான். உம்மையும் உம்ம சட்டையையும் பாத்ததும் அவங்க மூக்குக்குத் தோணிருது. போதாததுக்கு, வாடை வருதான்னு வேற வீடு வீடாக் கேக்கீரு.”

அவர் தன் சட்டைக் கையை முகர்ந்து பார்த்தார். இன்னொரு கையையும் முகர்ந்தார். பிறகு, “அப்பம் ஒரே வழிதான் இருக்கு” என்று எழுந்து நேரே பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“ஐயா, என்னைய மாத்திட்டதா மைக்ல சொல்லிருங்க.”

செயல் அலுவலர் போட்டோ அனுப்புவதை நிறுத்தினார். “ஏனுங்க, எங்கே மாத்தறதுங்க?”

“எங்கனயும் மாத்த வேண்டாம். சொன்னாப் போதும். புது ஆளு வந்தாச்சு, தண்ணி இனி ருசியா இருக்கும்னு சொல்லுங்க.”

“அப்ப பவுடர்?”

“அதுல ஒரு கிராம் குறையாது. நான் தொட்டிக் காம்பவுண்ட விட்டு வெளிய வரமாட்டேன்.”

“ஊரே உங்களைத் திட்டுமேங்க.”

“இப்பம் என்ன கொஞ்சவா செய்யுதாக?”

மறுநாள் ஆட்டோவில் மைக் கட்டினார்கள். “பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று” என்று தொடங்கி, அவருடைய இயற்பெயரைச் சொல்லி, மாற்றப்பட்டுவிட்டார் என்று அறிவித்தார்கள். தெருவில் ஒருவருக்கும் யாரென்று புரியவில்லை. ஆட்டோ திரும்பி வந்து, “அதாவது, பிளீச்சிங்” என்றது. இரண்டு வீட்டில் தீபாவளிக்கு வாங்கிவைத்த சரவெடியை அப்போதே வெடித்தார்கள்.

அதைத் தொட்டிக் காம்பவுண்டுக்குள் பவுடர் டிரம் மேல் உட்கார்ந்து அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “ரெண்டாயிரம் வாலா போலிருக்கே சார்வாள்?” என்றார். நான் எண்ணவில்லை. அன்று எனக்கு எண்ணத் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை குழாயில் தண்ணீர் வந்தது. செண்பகம் ஒரு கை ஏந்திக் குடித்தார். தெரு முழுக்க அவர் முகத்தைப் பார்த்தது.

“தேனுல்லா!” என்றார். “ஆளு மாறுனா தண்ணியே மாறுதே!”

குடங்கள் படித்துறையை விட்டுத் திரும்பின.

தெருக்குழாய்களைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கண்ணாடிக் குழாயை மேல்துண்டில் மறைத்துக்கொண்டு காலை நடை போவதுபோல் ஆறு குழாயடிக்கும் போவேன். நாலாம் நாளே மாட்டிக்கொண்டேன். ஒரு கிழவன் சந்தில் ஒதுங்கி நின்று, மஞ்சளாக ஏதோ உள்ள குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

“சார்வாளுக்கு சுகரா?” என்றார் செண்பகம், பரிவாக.

“ஆமா” என்றேன். அந்தத் தீபாவளிக்கு ஒன்பது வீட்டிலிருந்து எனக்கு முறுக்கு மட்டும் வந்தது.

அந்த வாரம் ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் நாலு பேர். அதற்கடுத்த வாரம் ஒருவர். பிறகு யாருமில்லை. செண்பகத்தின் கணவர் பாதி உடம்பாக வீடு திரும்பி, ஒரு மாதத்தில் முழு உடம்பானார்.

சும்மா இருக்குமா தெரு? புது ஆபரேட்டருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். இல்லாத ஆளுக்கு எங்கே போவது? செயல் அலுவலர் வியர்த்துப்போய், எங்கள் தெருப் பக்கம் வராத குப்பை வண்டியை ஓட்டுகிற முருகையாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டி நிறுத்தினார். அவரைப் பேசச் சொன்னார்கள்.

“தண்ணியில என்னதான் போடுதிய தம்பி?” என்று செண்பகம் கேட்டார்.

“ஒண்ணும் போடல யக்கா. எல்லாம் நம்ம ஆத்தோட குணம்” என்றார் முருகையா. பதிலை எழுதிக் கொடுத்தவர் பிளீச்சிங். கைதட்டல் தொட்டிவரைக்கும் கேட்டது. முருகையா பொன்னாடையை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தார். அவர் அதைப் பவுடர் டிரம்முக்குப் போர்த்தினார்; ஒரே வாரத்தில் வெளுத்துவிட்டது.

பத்து மாதம் கழித்து அவர் ஓய்வு பெற்றார். அதுவரை தெருவுக்குள் வராமல், வாய்க்கால் வரப்பு வழியாகவே வேலைக்கு வந்துபோனார். ஓய்வுபெற்ற மறுநாள் முதல்முறையாகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு தெரு வழியாக என் வீட்டுக்கு வந்தார். செண்பகம் மறித்தார். நான் என் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வெயில்ல வாறியளே அண்ணாச்சி, ஒரு வாய் தண்ணி குடிங்க. உங்க காலத்துத் தண்ணி மாதிரி இல்ல இது, குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் டம்ளரை வாங்கினார். கை சட்டைப் பைக்குப் போகவில்லை. முழுவதையும் குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டார். “ஆமா யக்கா. நல்லாத்தான் இருக்கு.”

நான் வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். உள்ளே வந்து உட்கார்ந்ததும், “வே, இப்பமாவது சொல்லப்படாதா?” என்று கேட்டேன்.

“சொன்னா நாளைக்கே நாறும் சார்வாள். பேசாம இருங்க” என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

இப்போது தொட்டியில் மெஷின் வந்துவிட்டது. மருந்து தானாகச் சொட்டுகிறது. முகர்ந்து பார்த்து முகம் சுளிக்க அங்கே மனிதர் யாருமில்லை. அதனால் எழுதிவிட்டேன். அவர் கங்கைகொண்டானில் மகள் வீட்டோடு போய்விட்டார். இந்தப் பத்திரிகையைப் படித்தால், சத்தியத்தை மீறிவிட்டீர் என்று முதல் பஸ்ஸைப் பிடித்துச் சண்டைக்கு வருவார்.

வரட்டும். அவரைப் பார்த்து நூற்றுப் பன்னிரண்டு நாளாகிறது.