ரிஜெக்ட் அண்ணனின் இடது கை

ஒரு பொருளைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று ரிஜெக்ட் அண்ணன் சொல்லிக் கேட்டவர் ஓசூர் தொழிற்பேட்டையில் ஒருவர்கூடக் கிடையாது. ஸ்கூட்டர் பாகங்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் எங்கள் கம்பெனியில் அவர்தான் சீனியர். அடித்து முடித்த பாகத்தை வாசலுக்குத் தூக்கிப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "ட்யூப் லைட்டு பொய் சொல்லும்பா. வெயில்ல பாரு. ஷேடு சேரல, ரிஜெக்ட்" என்பார். கேன்டீன் இட்லி, மேனேஜரின் புதுக் கார், எனக்குப் பார்த்த பெண்ணின் போட்டோ, எல்லாமே ரிஜெக்ட்தான். அந்தப் பெண்ணையே நான் கட்டிக்கொண்ட பிறகு, "நான் போட்டோ பிரிண்ட்டைத்தான் சொன்னன்" என்று சமாளித்தார்.

எண்பதுகளின் கடைசியில் இந்த மனுஷனுக்கு மனித முகத்தில் ஸ்பிரே அடிக்கும் பித்துப் பிடித்தது. பெங்களூருக்குப் போய், ஸ்டிக்கர் கோடு போடுகிறவர்கள் வைத்திருக்கும் பேனா சைஸ் ஸ்பிரே கன் ஒன்றை வாங்கி வந்தார். பழைய பிரிட்ஜின் கம்ப்ரசரை அதற்கு மாட்டினார். நாடகக்காரர்கள் பூசும் மேக்கப்பைப் பன்னீரில் பால் பதத்துக்குக் கரைத்து, வேட்டித் துணியில் வடிகட்டிக்கொண்டார்.

"எதுக்குண்ணே இந்த வேலை?" என்றேன்.

"கையால பூசுனா திட்டுத் திட்டா நிக்கும்பா. காத்துல அடிச்சா பனி மாதிரி உக்காரும்" என்றார். அது என் கேள்விக்குப் பதில் இல்லை.

முதலில் சுரைக்காயில் பழகினார். ஒரு வாரம் கேன்டீனில் மாநிறச் சுரைக்காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சமையல்காரர் அவற்றை வெட்ட மனம் வராமல் பருப்பிலேயே காலம் தள்ளினார். அடுத்து எங்கள் உடம்புகள். பழைய எக்ஸ்ரே பிலிமை வெட்டி அச்சு செய்து, ஆயுத பூஜைக்கு லோடிங் ஆட்கள் ஆறு பேர் முதுகில் புலி வரி அடித்தார். அவர்கள் மூன்று நாள் சட்டையே போடவில்லை.

அதே பூஜை நாடகத்தில் நான் கிருஷ்ணன். என் முகத்தையும் ஒரு ஸ்கூட்டர் பாகமாகத்தான் அவர் நினைத்தார். எண்ணெய் போகத் துடைத்தார். புருவத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டினார். "ஒரு சாண் தூரம். கை நிக்கவே கூடாது" என்று தனக்கே பாடம் சொல்லிக்கொண்டு கன்னைத் திறந்தார். காற்று கூடிப்போய், பக்கத்தில் இருந்த துரியோதனனின் ஒட்டு மீசை பறந்து என் கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. பிறகு காற்றைக் குறைத்து இரண்டு கோட் அடித்து, "மூச்சு வுடாத, தூசி ஒட்டும்" என்று என்னை பல்பு முன்னால் காய வைத்தார். கடைசியில் டேப்பை உரித்தபோது வலது புருவத்தில் பாதி அதோடு போயிற்று. மேடையில் சூப்பர்வைசர் கவுடா மாலை போட வந்தவர், "ஏனப்பா கிருஷ்ணா, ஒந்து ஹுப்பு எல்லி?" என்று என் புருவத்தைத் தேடினார். ரிஜெக்ட் அண்ணன் என்னை வெயிலுக்கு இழுத்துப் போய்ப் பார்த்தார்.

"நீலம் ஓகே. புருவம் ரிஜெக்ட்."

இத்தனைக்கும் நடுவில் அவருடைய இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எப்போதும் ஒரு மாநிறப் பட்டை இருக்கும். தினம் அழிப்பார், தினம் வேறு மாதிரி அடிப்பார். அது அவர் நிறமும் இல்லை. கேட்டால், "இன்னும் சேரல" என்பார். லூசு என்று நினைத்துக்கொண்டோம். நானும்தான் நினைத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து அவர் மகளுக்குச் சூளகிரியில் கல்யாணம். கம்ப்ரசரைத் தூக்க என்னை முந்தின நாளே கூட்டிப் போனார். பஸ்ஸில்தான் சொன்னார். பம்பு ஸ்டவ் வெடித்து அவர் மனைவிக்கு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை வெந்துபோயிருந்தது. பத்து வருஷமாக அந்த அம்மா பகலில் வாசல் தாண்டியதில்லை. கல்யாணத்தில் தாரை வார்க்கும்போது தண்ணீர் ஊற்ற, தனக்குப் பதிலாகத் தன் தங்கச்சியை நிற்கச் சொல்லிவிட்டாராம். "எங்கம்மாதான் ஊத்தணும், இல்லன்னா எனக்குக் கல்யாணமே வாணாம்" என்று மகள் அழுதிருக்கிறாள்.

"மூஞ்சித் தழும்ப மறைச்சுத் தர்றன், வான்னு சொல்லியிருக்கன்பா" என்றார். அவர் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை மண்டபத்து அறையில், ட்யூப் லைட் வெளிச்சத்தில் அந்த அம்மாவை உட்கார வைத்து அடித்தார். ஒரு சாண் தூரம், கை நிற்கவே இல்லை. தழும்பு இருந்த இடமே தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணமேடைக்குப் போக முற்றத்தைத் தாண்ட வேண்டும். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெயிலில் கால் வைத்தார். அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். வெயிலில் இடது கன்னம் மட்டும் சாம்பல் பூத்துத் தனியாகத் தெரிந்தது. ஊரில் உள்ள அத்தனையையும் வெயிலில் பார்த்தவருக்கு, வெயிலுக்கே வராத மனைவியின் நிறத்தை, இடது கையில் தினம் அடித்து அடித்துத் தேடிய அந்த நிறத்தை, ட்யூப் லைட்டில்தான் சேர்க்க முடிந்திருந்தது.

"உள்ள வா ருக்கு, ஷேடு சேரல. இன்னொரு கோட்டு அடிக்கிறன்" என்று கையைப் பிடித்தார். மணமேடைப் பக்கம் மேளம் வேகம் எடுத்துவிட்டது.

அந்த அம்மா நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். பத்து வருஷத்துப் பகல்.

"வுடுங்க. வெளிய வந்துட்டன் இல்ல, போதும்" என்றார்.

போய் நின்று தண்ணீர் ஊற்றினார். அழுத அழுகையில் பூச்சு பாதி கரைந்து, தழும்பு ஊருக்கே தெரிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இல்லை. பக்கத்தில் நின்ற அண்ணன் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, உதட்டை மட்டும் அசைத்து, "நல்லா இருக்கு" என்றார்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்தபோது அவர் இடது கை பட்டை இல்லாமல் வெறுமையாக இருந்தது. டீ குடிக்கப் போகும் வழியெல்லாம் நான் பிடித்துக்கொண்ட அந்தக் கையை விடவே இல்லை.