நாய்களை அடக்கிய அருட்பார்வை

ஞாயிறு காலை எட்டு மணிக்கே மைதானம் நிரம்பிவிடும். வெள்ளைச் சட்டைக்காரர் வருவார். இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டபடி, குரைக்கிற நாயை உற்றுப் பார்ப்பார். நாய் வீலென்று கத்திச் சுருண்டு படுக்கும். கூட்டத்துக்குப் புல்லரிக்கும்.

அருட்பார்வையாம். நாய்க்குள் புகுந்த கெட்ட சக்தி ஓடிவிடுகிறதாம். ஒரே நிபந்தனை, அவர் விற்கிற கறுப்புக் கழுத்துப்பட்டையை நாய்க்குக் கட்டியிருக்க வேண்டும். பட்டை இல்லாவிட்டால் அருள் வேலை செய்யாது. ஏனென்று ஒருவரும் கேட்கவில்லை. படித்தவர்கள் ஆயிற்றே, கேட்பார்களா?

பக்கத்துத் தெருவில் ஒரு பெண்ணும் நாய்களைப் பழக்கினாள். நாய் எதைக் கண்டு மிரள்கிறது என்று முதலில் அரைமணி நேரம் விசாரிப்பாள். சொன்னபடி உட்கார்ந்தால் ஒரு துண்டு கோழிக்கறி கொடுப்பாள். இதில் என்ன மகிமை இருக்கிறது? லஞ்சம் கொடுத்து நாயைக் கெடுக்கிறாள் என்று ஊரே அவளை ஒதுக்கியது.

அந்த ஊர்த் தையல்காரி ஒருத்தி, அண்ணன் பேச்சைக் கேட்டுத் தன் நாய் பூசணியை மைதானத்துக்குக் கொண்டுபோனாள். அண்ணன் அருட்பார்வையின் தலைமை பக்தர். மூன்றே வாரத்தில் பூசணி குரைப்பதை நிறுத்தியது. சாப்பாட்டையும் நிறுத்தியது. பட்டையைக் கையில் எடுத்தாலே நின்ற இடத்தில் மூத்திரம் போனது. கெட்ட சக்தி வெளியேறுகிறது என்று அண்ணன் விளக்கம் சொன்னார்.

அவள் அதன் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். இரண்டு புண். பட்டையில் அதே இடத்தில் இரண்டு கம்பி முனைகள். தையலைப் பிரித்தாள். உள்ளே தீப்பெட்டி அளவில், பேட்டரியோடு ஒரு கருவி. பிரித்ததை மூடித் தைத்தாள். அதேபோல் வெறும் துணியில் இன்னொரு பட்டையும் தைத்தாள்.

அடுத்த ஞாயிறு பூசணிக்கு வெறும் பட்டை. அசலை அண்ணன் மணிக்கட்டில் கட்டினாள். "அருள் உனக்கும் கொஞ்சம் கிடைக்கட்டும்ணா" என்றாள். அவர் பெருமையாகக் கையை நீட்டினார்.

வெள்ளைச் சட்டைக்காரர் பூசணியை உற்றுப் பார்த்தார். அண்ணன் அலறித் துள்ளினார். இன்னும் கடுமையாகப் பார்த்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். பூசணி நடுங்கியது, ஆனால் கத்தவில்லை.

"நீங்க பாக்கிறது என் நாயை. துள்றது எங்கண்ணன். கெட்ட சக்தி யாருக்குங்க? பையிலேருந்து கையை எடுத்துட்டு ஒரு தடவை பாருங்க."

அண்ணனே எழுந்து அந்தக் கையை வெளியே இழுத்தார். பொத்தான் வைத்த குட்டிப் பெட்டி ஒன்று அதில் இருந்தது. பக்தருக்கு ஞானம் வர இரண்டு ஷாக் தேவைப்பட்டிருக்கிறது.

இருந்தாலும் நாய் அடங்கியதே என்று கூட்டத்தில் ஒருவர் முனகினார்.

"அடங்கலைங்க, பயந்துச்சு. வித்தியாசம் தெரியணும்னா உங்களுக்கும் கட்டிவிடறேன்."

அவர் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

பூசணி இப்போது பக்கத்துத் தெருவில் அந்தப் பெண்ணிடம் பழகுகிறது. சாப்பிடுகிறது, குரைக்கவும் செய்கிறது. நாயை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன், "அது தப்பு செஞ்சா நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். கேட்க நாய்க்குத்தான் வாயில்லை. உங்களுக்கு என்ன வந்தது?